கிராமப் பள்ளியும் திருச்சபையும்: மரக்காணம் கரையினின்று ஒரு வரலாற்று நோக்கு

திண்டிவனத்திற்குக் கிழக்கே, கழுவெளிக்கும் கடலுக்கும் இடையே மரக்காணத்து உப்பளங்கள் பரந்து கிடக்கின்றன. அங்கிருந்து தென்மேற்கே, வானூர் வட்டத்தில், திருஞானசம்பந்தரின் பதிகம் பெற்ற மாகாளம் அமைந்துள்ள இரும்பை எனும் சிற்றூர் உள்ளது. பழைய தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்து, 1993ஆம் ஆண்டு முதல் விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த இக்கரையூர்களில் வேலை பருவத்தையே சார்ந்தது. கோடை முற்றும்போது உப்பு விளைகிறது. வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் பாத்திகள் நீரில் மூழ்குகின்றன. உப்பு விளையும் நாள்களில் பெற்றோர் விடியுமுன் அளத்திற்குச் சென்றுவிடுவர். வீட்டில் தம்பி தங்கையரைக் காப்பது மூத்த பெண்பிள்ளையின் கடமையாகிவிடுகிறது. அப்பிள்ளையின் பெயர் பள்ளிப் பதிவேட்டில் இருக்கும். இருக்கையிலோ அவள் இராள்.

இந்தப் பிள்ளையை மனத்தில் இருத்திக்கொண்டு, கிராமப் பள்ளியை யார் ஆள்கிறார்கள், யார் செலவில் அது நடைபெறுகிறது, அதன் தகுதியை யார், எவ்வாறு அளக்கிறார்கள் எனும் மூன்று வினாக்களை வரலாற்று நோக்கில் ஆராய விரும்புகிறோம். கல்வி அலுவலகம் தீர்க்கவேண்டிய இவ்வினாக்களுக்கும் இறையியலுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கக்கூடும். தமிழகத்தில் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக் காலமாகத் திருச்சபை அரசின் மானியத்தைப் பெற்றுப் பள்ளிகளை நடத்தி வருகிறது. நம் ஆயர்களுள் பலர் தாளாளர் பொறுப்பையும் சுமக்கிறார்கள். ஆகவே இவ்வினாக்கள் நம் மனச்சான்றையும் சார்ந்தவையே.

1. கொடையிலிருந்து மானியத்திற்கு

சென்னை ஆளுநர் சர் தாமஸ் மன்றோ 1822இல் மாகாணமெங்கும் இருந்த பள்ளிகளைக் கணக்கெடுக்க ஆணையிட்டார். 1826இல் அவர் எழுதிய குறிப்பின்படி, ஒரு கோடியே இருபத்தெட்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்த மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவரும் இருந்தனர். அவற்றுள் பெரும்பாலானவை திண்ணைப் பள்ளிகள். ஆசிரியரை ஊரார் அமர்த்தினர். பெற்றோர் பணமாகவோ தானியமாகவோ ஊதியம் தந்தனர். அவருடைய திறமையை ஊரே மதிப்பிட்டது. ஆட்சி, நிதி, மதிப்பீடு ஆகிய மூன்றும் ஊருக்குள்ளேயே அடங்கியிருந்தன எனலாம். இக்கணக்கை 1983இல் விரிவாக வெளியிட்ட தரம்பால், தமிழ் மாவட்டங்களில் பிராமணரல்லாத சிறுவரே மிகுதியாகப் பயின்றனர் என்பதை எடுத்துக்காட்டினார். அது உண்மையே. ஆயின் பெண்பிள்ளைகள் அக்கணக்கில் மிக அரியர். சேரிப் பிள்ளைகளுக்குத் தனி நிரலே அக்கணக்கில் இல்லை. ஊர் ஆண்ட பள்ளி, ஊர் எவரைத் தன்னுள் அடக்கியதோ அவருக்கே பள்ளியாயிருந்தது.

1854 ஜூலைத் திங்களில் வெளியான சார்லஸ் உட்டின் கல்வி அறிக்கை இவ்வமைப்பை மாற்றியது. மாகாணந்தோறும் கல்வித்துறை நிறுவப்பட்டது, இன்ஸ்பெக்டர்கள் அமர்த்தப்பட்டனர். தனியார் நடத்தும் பள்ளிகள் உலகியற் கல்வியை நன்கு அளித்து, அரசின் பார்வைக்கு உட்படுமாயின், சமய வேறுபாடின்றி அவற்றிற்கு மானியம் வழங்கலாம் என்றும் விதிக்கப்பட்டது. அரசு ஏற்றுக்கொண்டது சமய நடுநிலையை. மிஷனெரிகள் பெற்றுக்கொண்டது பண உதவியை. இந்த உடன்பாடே இன்றளவும் நம் பள்ளிகளுக்கு அடிப்படை.

தென்னார்க்காட்டில் இவ்வுடன்பாட்டின் பயனைக் காணலாம். சாதி குறித்த கருத்து வேறுபாட்டால் லைப்சிக் மிஷனை விட்டு வெளியேறிய கார்ல் ஓக்ஸ் பட்டாம்பாக்கத்தில் தொடங்கிய பணி, பின்னர் டேனிஷ் மிஷனாக வளர்ந்தது. ஸ்கடர் உடன்பிறந்தார் 1853இல் தோற்றுவித்த அமெரிக்க ஆற்காட்டு மிஷன், தொடக்கத்தில் பள்ளிகளைவிடத் தாய்மொழியில் நற்செய்தி கூறுவதையே முதன்மையாகக் கொண்டிருந்தது. காலப்போக்கில் அதுவும் திண்டிவனம் உள்ளிட்ட நிலையங்களில் பள்ளிகளை நடத்தலாயிற்று. சபை சேரியில் வேரூன்றியபோது, பள்ளியின்றிச் சபை நில்லாது என்பதை அனுபவம் கற்பித்தது.

2. தேறியவனுக்குக் காசு

மானியம் வந்ததும் அளவுகோலும் வந்தது. இங்கிலாந்தில் இராபர்ட் லோ 1862இல் திருத்திய கல்விச் சட்டத்தைக் கொண்டுவந்தார். வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய ஒவ்வொன்றிலும் பிள்ளை தேறினால் பள்ளிக்கு 2 ஷில்லிங் 8 பென்ஸ். தவறினால் அத்தொகை இல்லை. தேர்வுக்கு நிற்கவே குறிப்பிட்ட அளவு வருகை வேண்டும். தாமே பள்ளி இன்ஸ்பெக்டராயிருந்த கவிஞர் மத்தேயு ஆர்னால்டு, இம்முறை கல்வியை உயிரற்ற இயந்திரமாக்கிவிடும் என எதிர்த்தார். ஆயினும் அதே முறை 1860களின் பிற்பகுதியில் சென்னை மாகாணத்தின் தொடக்கப் பள்ளிகளிலும் நுழைந்தது. இன்ஸ்பெக்டர் வரும் நாளே கிராமப் பள்ளியின் தீர்ப்பு நாளாயிற்று.

இம்முறையின் நற்பயனை மறைத்தல் நேர்மையன்று. கூரைக் கொட்டகையில் கற்பித்த எளிய ஆசிரியரும், சாதி குலம் பாராமல், தம் மாணவரின் தேர்ச்சியால் அரசுப் பணம் பெற வழி பிறந்தது. ஆயின் அதன் உட்பொருளை எண்ணிப்பார்க்கவேண்டும். தேறக்கூடிய பிள்ளை பள்ளிக்கு வருவாய். தேறாத பிள்ளை பள்ளிக்குச் சுமை. புத்தகம் வாங்க இயலாதவன், அறுவடைக்கும் அளத்திற்கும் சென்று பாடத்தைத் தவறவிட்டவன், வீட்டில் எழுத்தறிந்தோர் எவருமில்லாதவன் ஆகியோரைக் கொண்ட பள்ளியே மிகுந்த உதவிக்கு உரியது. அதுவே மிகக் குறைந்த மானியம் பெற்றது. ஏழ்மை ஒருமுறை பிள்ளையைத் தண்டித்தது. மானிய விதி அவனுடைய பள்ளியை மறுமுறை தண்டித்தது.

இந்த அநீதியை அரசே ஒருவாறு உணர்ந்த காலமும் வந்தது. செங்கற்பட்டில் ஸ்காத்லாந்து மிஷனைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ருவும், திருவள்ளூரில் வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த வில்லியம் கௌடியும் சேரி மக்களின் நிலமின்மையை வெளிப்படுத்தினர். செங்கற்பட்டுக் கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் எழுதிய குறிப்பு, 1892இல் நில ஒப்படைப்பு ஆணைக்கு வழிவகுத்தது. அடுத்த ஆண்டாகிய 1893இல், பஞ்சமர் கல்விக்குச் சிறப்புச் சலுகைகளும் உயர்ந்த மானியமும் வழங்கும் ஆணை வெளிவந்தது. எல்லாரையும் ஒரே கோலால் அளப்பது சமநீதியாகாது எனும் கொள்கை இவ்வாறு அரசாணையில் இடம்பெற்றது. 1904இல் இந்திய அரசின் கல்வித் தீர்மானம் தேர்ச்சி மானிய முறையைக் கைவிடும்படி அறிவுறுத்தியது.

3. வரி செலுத்தியவர் யார்?

பள்ளியை ஆளும் பொறுப்பு மெல்ல உள்ளாட்சியிடம் சென்றது. 1871ஆம் ஆண்டின் உள்ளூர் நிதிச் சட்டம் நிலத் தீர்வையின்மேல் கூடுதல் வரி விதித்தது. அதில் ஒரு பங்கு பள்ளிகளுக்குச் செலவாயிற்று. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி முதல்வர் வில்லியம் மில்லரும் உறுப்பினராயிருந்த 1882ஆம் ஆண்டின் ஹண்டர் குழு, தொடக்கக் கல்வியை உள்ளாட்சியிடம் ஒப்படைக்கப் பரிந்துரைத்தது. 1884இல் ஜில்லா போர்டுகளும் தாலுகா போர்டுகளும் சட்டத்தால் அமைந்தன. 1920ஆம் ஆண்டின் தொடக்கக் கல்விச் சட்டம், கல்வி வரி விதிக்கவும் கட்டாயக் கல்வியைக் கொண்டுவரவும் இடமளித்து, ஜில்லாக் கல்வி மன்றங்களையும் நிறுவியது. அம்மன்றங்கள் பின்னர் ஒழிக்கப்பட்டன.

நில வரியால் பள்ளி நடந்தால், நிலமுடையோரே பள்ளியின் எசமானராவர். போர்டுகளில் அமர்ந்தவர்களும் பெரும்பாலும் அவர்களே. உப்பளத் தொழிலாளிக்கு நிலம் இல்லை. ஆகவே பள்ளிக்கு அவன் ஒன்றும் தரவில்லை என்று சொல்லத் தோன்றும். ஆனால் சென்னை மாகாணத்தில் 1805 முதல் உப்பு அரசின் ஏகபோகமாயிருந்தது. உப்பு வரி 1947 வரை நீடித்தது. கஞ்சிக்கு உப்பிட்ட ஒவ்வோர் ஏழையும், அந்த உப்பை வாரிக் குவித்தவனும், அரசின் கருவூலத்தை நிரப்பினர். கொடுத்தவர் பட்டியலில் அவர்கள் பெயர் இல்லை, அவ்வளவே. பொதுப் பணம் யாருடையது என்று கேட்கும்போது திருச்சபை இதனை மறத்தல் ஆகாது.

இதே காலத்தில் மிஷன் பள்ளிகளும் தம்மையே ஆராய்ந்துகொண்டன. ஏ. ஜி. ஃபிரேசர் தலைமையில் இயங்கிய குழு 1920இல் வெளியிட்ட கிராமக் கல்வி அறிக்கை, வாழ்க்கையோடு ஒட்டாத படிப்பின் வறுமையைக் காட்டியது. 1929இல் ஹார்ட்டாக் குழு, 1922-23இல் முதல் வகுப்பிலிருந்த சிறுவர் நூற்றுவருள் 18 பேரே 1925-26இல் நான்காம் வகுப்பில் இருந்தனர் எனக் கணக்கிட்டு, அதனை 'விரயம்' என்றது. விரயமானது பணமா, பிள்ளைகளா எனும் வினாவை நாம் எழுப்பவேண்டியுள்ளது.

4. விடுதலைக்குப் பின்

கிராமத் தொடக்கப் பள்ளிகளில் பாதிநாள் பாடமும் மீதி நேரம் தொழிலும் எனும் திட்டம் 1953இல் கொண்டுவரப்பட்டு, குலத்தொழிலை நிலைநிறுத்தும் என்ற எதிர்ப்பினால் 1954இல் கைவிடப்பட்டது. காமராசர் ஆட்சியில் 1956இல் மதிய உணவுத் திட்டம் தோன்றியது. 1982இல் அது சத்துணவாக விரிந்தது. 2022இல் காலை உணவும் சேர்ந்தது. பிள்ளை தேறினால் பணம் என்று இருந்த நிலை மாறி, பிள்ளை பசியோடிருப்பதே உதவிக்குப் போதிய காரணம் என்ற நிலை பிறந்தது. கல்வி நிதியின் வரலாற்றில் இதனைவிட ஆழ்ந்த மாற்றம் வேறில்லை என்று கருதுகிறோம்.

1958ஆம் ஆண்டின் பஞ்சாயத்துச் சட்டத்தையொட்டித் தொடக்கப் பள்ளிகள் ஊராட்சி ஒன்றியங்களிடம் வந்தன. 1981இல் ஒன்றியப் பள்ளி ஆசிரியர் அரசு ஊழியராயினர். இன்று பள்ளியின் பெயர்ப் பலகையில் ஒன்றியத்தின் பெயர் உண்டு. ஊதியமோ மாநிலக் கருவூலத்திலிருந்து வருகிறது. மேற்பார்வை வட்டாரக் கல்வி அலுவலருடையது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவை ஏற்படுத்தி, அதில் முக்கால் பங்கு பெற்றோருக்கும் பாதி இடம் பெண்களுக்கும் உரியதென விதித்தது. அளத்தில் உழைக்கும் தாயும் பள்ளியை ஆளும் குழுவில் அமரலாம். மன்றோ கண்ட திண்ணைப் பள்ளியில் அவளுக்கு அவ்விடம் இருந்ததில்லை.

ஆயினும் பழைய கேள்விகள் மறையவில்லை. நடுவண் அரசும் மாநிலமும் 60க்கு 40 எனச் செலவைப் பகிரும் ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தில், 2024-25ஆம் ஆண்டுக்கான நடுவண் பங்கு, வேறொரு திட்டத்தில் தமிழ்நாடு கையெழுத்திடாததால் நிறுத்திவைக்கப்பட்டது. 1854இல் போலவே மானியத்துடன் நிபந்தனையும் பிணைந்து வருகிறது. தேசிய அடைவு ஆய்வு 2021இல் 3, 5, 8, 10 ஆகிய வகுப்புகளின் மாணவரைச் சோதித்து மாவட்ட வாரியாக அளவிட்டது. அத்தகைய ஆய்வு பயனுடையதே. ஆனால் அன்று வராத பிள்ளையைப் பற்றி அது ஒன்றும் சொல்ல இயலாது.

5. இரு வகைக் கணக்கு

மறைநூலில் இரண்டு கணக்கெடுப்புகள் நம் சிந்தனைக்கு உரியவை. தாவீது மக்களைத் தொகையிட்டது 2 சாமுவேல் 24ஆம் அதிகாரத்தில் பாவமாகக் காட்டப்படுகிறது. அரசன் தன் வலிமையை அறியவே எண்ணினான். வாளெடுக்கக்கூடியவர் மட்டுமே அத்தொகையில் சேர்ந்தனர். லூக்கா 15இல் வரும் மேய்ப்பனும் எண்ணுகிறான். எண்ணியிராவிடில் ஒன்று குறைந்தது அவனுக்குத் தெரிந்திராது. முன்னவன் தனக்குப் பயன்படுவோரை எண்ணினான். பின்னவன் காணாமற்போனதை அறிய எண்ணினான். தேர்ச்சி மானியம் தாவீதின் கணக்கைச் சேர்ந்தது. 1893ஆம் ஆண்டு ஆணையும் மதிய உணவும் மேய்ப்பனின் கணக்கை நோக்கி எடுத்துவைத்த அடிகள்.

அரசைக் குறித்து இவ்வாறு தீர்ப்புக் கூறும் நாம், நம்மையும் அக்கோலால் அளந்துகொள்ளக் கடமைப்பட்டுள்ளோம். 1991-92ஆம் கல்வியாண்டு முதல் தமிழகத்தில் புதிய தனியார் பள்ளிகளுக்கு மானியம் இல்லை. அதன்பின் நம் சபைகளின் ஊக்கம் கட்டணம் பெறும் ஆங்கிலவழிப் பள்ளிகளை நோக்கித் திரும்பியதை மறுப்பதற்கில்லை. நூறு விழுக்காடு தேர்ச்சியைப் பலகையில் எழுதி வைக்கும் நம் பள்ளி, அந்த நூறு நிறைவதற்காக எத்தனை பிள்ளைகளுக்கு முன்னமே வாயிலை அடைத்தது? நம் முன்னோர் கூரைக்கொட்டகையில் தொடங்கிய பள்ளியில் பிள்ளைகள் குறைந்துவரும்போது, அதனை மூடும் தீர்மானத்தை எத்தனை நிமிடங்களில் நிறைவேற்றுகிறோம்? அரசியலமைப்பின் 30ஆம் பிரிவு நமக்கு அளித்த சிறுபான்மை உரிமையை நீதிமன்றத்தில் காக்கிறோம். அவ்வுரிமை யாருக்காக அளிக்கப்பட்டது என்று திருமண்டல மன்றத்தில் கேட்கிறோமா?

எதிர்காலத்தில் ஆயர்களாகவும் தாளாளர்களாகவும் பொறுப்பேற்கவிருக்கும் மாணவர்களுக்கு ஒன்று கூற விரும்புகிறோம். பள்ளியின் ஆண்டறிக்கை உங்கள் மேசைக்கு வரும்போது தேர்ச்சி விகிதத்தை முதலில் பாராதீர்கள். வருகைப் பதிவேட்டைக் கேட்டு வாங்குங்கள். உப்பு விளையும் மாதங்களில் எந்தப் பெயருக்கு நேராகத் தொடர்ந்து விடுப்புக் குறியிடப்பட்டுள்ளது என்று பாருங்கள். அப்பிள்ளை உங்கள் சபையைச் சேர்ந்தவளாயினும் அல்லளாயினும், உங்கள் பள்ளியில் பயின்றாலும் ஒன்றியப் பள்ளியில் பயின்றாலும், அவள் வீட்டு வாயிலுக்குச் செல்லுங்கள். ஆயர்ப்பணி என்ற சொல்லுக்கு நம் மொழி தந்துள்ள பொருள் அதுவே.