எபிசோடு 34: நெய், ரயில்வே, ஏழு மடங்கு

போன மாசம் உங்கள்ல பல பேர் ஒரே வாட்ஸ்அப் ஃபார்வர்டை அனுப்பி "இது உண்மையா ப்ரோ?"ன்னு கேட்டிருந்தீங்க. பஞ்சாப்காரங்க நெய்யில குளிச்சாங்க, ஹார்ட் அட்டாக் வரல. மெட்ராஸ்காரங்க செக்கு எண்ணெய் சாப்பிட்டாங்க, போய்ச் சேர்ந்தாங்க. அதனால கொலஸ்ட்ரால் மாத்திரையைத் தூக்கிப் போட்டுட்டு நெய் சாப்பிடுங்க. இதுதான் அதோட சாரம்.

முதல் பாதிக்குப் பின்னாடி நிஜமாவே ஒரு ஆய்வு இருக்கு. செஞ்சவர் டாக்டர் எஸ். எல். மல்ஹோத்ரா. ரயில்வே டாக்டர், பம்பாயில மேற்கு ரயில்வேயின் தலைமை மருத்துவ அதிகாரியா இருந்தவர். 1967ல 'பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னல்'ல அதை வெளியிட்டார்.

அவர் கையில இருந்த டேட்டாவை யோசிச்சுப் பாருங்க. 1958 முதல் 1962 வரை ஐந்து வருஷம், 18ல இருந்து 55 வயசு வரைக்கும், நாடு முழுக்க 11 லட்சத்துக்கும் மேல ரயில்வே ஊழியர்கள். எல்லாரும் ஒரே முதலாளிகிட்ட வேலை, கிட்டத்தட்ட ஒரே சம்பள அடுக்கு, எல்லாருக்கும் ரயில்வே ஆஸ்பத்திரி. கம்ப்யூட்டர் இல்லாத காலத்துல இதைவிடச் சுத்தமான டேட்டாபேஸ் இந்தியாவுல கிடைச்சிருக்காது. நான் இதைப் பேசுற இரும்புலியூர்ல இருந்து தாம்பரம் ஸ்டேஷன் ரொம்பப் பக்கம். இங்க வேலை பார்த்தவங்களும் அந்த 11 லட்சத்துல இருந்திருப்பாங்க.

கணக்கு என்ன சொல்லுச்சு? இதய ரத்தக்குழாய் நோயால இறந்தவங்க, தெற்குல லட்சத்துக்கு 135 பேர். பஞ்சாப் பக்கம் 20 பேர். கிட்டத்தட்ட ஏழு மடங்கு. ஆனா பஞ்சாப்காரங்க சாப்பிட்ட கொழுப்பு நம்மளைவிட 8 முதல் 19 மடங்கு அதிகம், அதுவும் பெரும்பாலும் நெய், பால் வழியா வந்தது. போதாததுக்குப் புகையும் அவங்கதான் அதிகம் பிடிச்சாங்க. கொழுப்பு சாப்பிட்டா இதயம் போகும்னு உலகமே பேசிட்டு இருந்த நேரத்துல இது பெரிய குண்டு. தயிர், மோர் மாதிரி புளிச்ச பால் பொருட்கள், நார்ச்சத்து, நல்லா மென்னு சாப்பிடுற பழக்கம், இதெல்லாம் வடக்குல காப்பாத்துதுன்னு மல்ஹோத்ரா விளக்கம் சொன்னார்.

எனக்கு இந்த ஆய்வு மேல மரியாதை உண்டு. ஃபார்வர்டு மேலதான் இல்ல. வடக்குக்கும் தெற்குக்கும் நடுவுல நெய் ஒண்ணு மட்டுமா மாறுது? அரிசிக்குப் பதில் கோதுமை, வேற வெயில், வேற உடல்வாகு. சாவுக்கு என்ன காரணம்னு எழுதுற டாக்டரே வேற. இருபது வேரியபிளை ஒண்ணா மாத்திட்டு, பக் எங்கன்னு ஒண்ணை மட்டும் கை காட்டினா கோட் ரிவ்யூல யாராவது விடுவாங்களா?

இதே மாதிரி ஒரு கதை லண்டன்லயும் உண்டு. 1953ல ஜெரி மோரிஸ், டபுள் டெக்கர் பஸ் டிரைவர்களையும் கண்டக்டர்களையும் ஒப்பிட்டார். நாள் முழுக்க மாடிப்படி ஏறி இறங்கின கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு. உடற்பயிற்சிதான் காரணம்னு அதோட அவர் நிறுத்தல. யூனிஃபார்ம் தைச்ச பதிவேடுகளை எடுத்து இடுப்பளவைப் பார்த்தார். டிரைவர்கள் வேலைக்குச் சேரும்போதே கொஞ்சம் பெருத்துதான் இருந்திருக்காங்க! தன் முடிவுக்கு எதிரான ஆதாரத்தைத் தானே தேடி 1956ல வெளியிட்டார். அதுக்கப்புறமும் வேற வேலை பார்க்கிறவங்களை வெச்சுப் பல வருஷம் சோதிச்சுத்தான் உடற்பயிற்சி வாதம் நின்னுது.

ஃபார்வர்டு சொல்லாத இன்னொரு விஷயம், பஞ்சாப் கதையோட ரெண்டாம் பாகம். இந்தியா முழுக்க மாநில வாரியா எடுத்த கணக்கு ஒண்ணு 2018ல 'லான்செட் குளோபல் ஹெல்த்'ல வந்துச்சு. 2016ல இதய, ரத்தக்குழாய் நோய் அதிகமா இருந்த மாநிலங்கள்: கேரளா, பஞ்சாப், தமிழ்நாடு. அன்னைக்கு எதிர் துருவமா நின்ன ரெண்டு பேரும் இன்னைக்கு ஒரே லிஸ்ட்ல. நெய் அங்கேயேதான் இருக்கு. நெய் மட்டும் காப்பாத்துறதா இருந்தா பஞ்சாப் அந்த லிஸ்ட்ல வந்திருக்கக் கூடாது.

அப்போ எதைப் பார்க்கணும்? கேரளாவுல பிறந்த சலீம் யூசுஃப் தலைமையில, 52 நாடுகள்ல நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு 2004ல வந்துச்சு. புகை, ரத்தக் கொழுப்பு, பிரஷர், சுகர், தொப்பை, மன அழுத்தம், காய் பழம் குறைவு, உடல் உழைப்பு இல்லாதது, இப்படி மொத்தம் ஒன்பது விஷயங்கள். மாரடைப்பு அபாயத்துல ஆண்களுக்கு 90 சதவீதம், பெண்களுக்கு 94 சதவீதம் இதுக்குள்ள அடங்கிடுச்சு. முதல் மாரடைப்பு தெற்காசியர்களுக்கு 53 வயசு வாக்குல வருது, மத்தவங்களுக்கு 59 வாக்குல. லிஸ்ட்ல பாதிக்கு மேல மாத்திரை இல்லாமலேயே அசைக்கக்கூடியது. ஆனா டாக்டர் கொடுத்த மாத்திரையை ஒரு ஃபார்வர்டுக்காக நிறுத்துறதை 'இயற்கை வழி'ன்னு சொல்லாதீங்க, ப்ளீஸ்.

நம்ம ஊர் உதாரணம் ஒண்ணு இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்சது. 1996 வாக்குல டாக்டர் வி. மோகன் குழு சென்னையில ரெண்டு குடியிருப்புகளை எடுத்துச்சு: திருமங்கலம் பக்கம் நடுத்தர வர்க்க ஏஷியாட் காலனி, தி.நகர்ல வருமானம் குறைஞ்ச பாரதி நகர். சுகர், இதய நோய் பத்தி டாக்டர்கள் வந்து பேசினதும் ஏஷியாட் காலனிக்காரங்க என்ன பண்ணாங்க தெரியுமா? சொந்தக் காசுல பார்க் கட்டினாங்க. வாரத்துக்கு மூணு தடவைக்கு மேல உடற்பயிற்சி செய்றவங்க 14.2 சதவீதத்துல இருந்து 58.7க்குப் போனாங்க.

பத்து வருஷம் கழிச்சு திரும்பப் பார்த்தப்போ, நடுத்தர வர்க்கக் காலனியில சுகர் 12.4 சதவீதத்துல இருந்து 15.4 ஆகியிருந்துச்சு. ஏறியிருக்கு, ஆனா மெதுவா. பாரதி நகர்ல 6.5ல இருந்து 15.3. ரெண்டு மடங்குக்கும் மேல. அங்க பார்க் கட்ட யாருகிட்ட காசு, எங்க இடம்?

நம்ம பக்கமும் அதே கேள்விதான். ஜி.எஸ்.டி. ரோடும் பைபாஸும் சேர்ற இந்த இடத்துல, காலையில ஆறு மணிக்கு ஒரு அம்மா பயமில்லாம அரை மணி நேரம் நடக்க எத்தனை தெரு இருக்கு? உங்க ஏரியாவுல அப்படி ஒரு இடம் இருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க, அடுத்த எபிசோடுல போடுறேன்.