உளுத்த கட்டிலும் சட்டமும்
சரக்கைப் பார்த்து வாங்குவது வாங்குபவர் பாடு என்பதே ஆங்கிலப் பொதுச் சட்டத்தின் பழைய நிலை. இந்தியாவில் 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், பொருள் விற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்பதைச் சொல்லாமலே அடங்கிய நிபந்தனையாக்கியது. ஆனால் சோதித்து வாங்கியவர், சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறையைப் பிறகு சொல்ல முடியாது. கட்டில் காலில் கண்ணுக்குத் தெரியும் விரிசல் அவர் தலையில். உள்ளே உளுத்து, சில மாதங்களில் மாவாகக் கொட்டும் மரம் கடைக்காரர் பொறுப்பு. ஏட்டில் உரிமை இருந்தும், ஒரு பீரோவுக்காக உரிமையியல் நீதிமன்றம் ஏறி இறங்க யாருக்குப் பொறுமை? 1986-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம்தான் மாவட்ட மன்றங்களில் வக்கீல் இல்லாமலே புகார் தர வழிசெய்தது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், வாங்கியவர் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடர இடம் தந்தது. இணையத்தில் சோபா வாங்குவோருக்கு இதுவே பெரிய மாற்றம். புகார் தருவதற்கான இரண்டு ஆண்டுக் கெடு மட்டும் அப்படியே நீடிக்கிறது.