ஊவாவின் வழிகளும் அரசின் மானியமும்

ஊவா மாகாணத்தின் போக்குவரத்து வழிகளைப் பற்றி எழுதியோர் பெரும்பாலும் பொறியியற் றிறனையே வியந்துள்ளனர். தெமோதரையில் பாதை வளைந்து சென்று தன் நிலையத்துக்குக் கீழாகவே மீள்வதும், ஒன்பது வளைவுப் பாலமும் வியப்புக்குரியனவே. ஆயின், அரசின் பணம் யாருடைய கோரிக்கைக்கு இணங்கிச் செலவிடப்பட்டது என்னும் வினாவையே நாம் இங்கு முதன்மையாகக் கொள்கின்றோம்.

1866ஆம் ஆண்டின் கிளைவீதிகள் கட்டளைச் சட்டம் இவ்வினாவுக்குத் தெளிவான விடை தருகின்றது. ஒரு பகுதியின் தோட்ட உரிமையாளர் கிளைவீதிச் செலவின் பாதியை ஏற்பின், மறுபாதியை அரசு வழங்கும் என்பதே அதன் சாரம். வெளித்தோற்றத்தில் இது நடுநிலையான ஏற்பாடு. நடைமுறையிலோ, பாதியைச் செலுத்தவல்ல முதலுடையோரே மானியம் கோர முடிந்தது. லயன் அறையில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளியும், அயற் கிராமத்துச் சிங்கள விவசாயியும் அப்போட்டியின் வாயிலிலேயே நிறுத்தப்பட்டனர். கோப்பியும் பின்னர் தேயிலையும் எங்கு விளைந்தனவோ அங்கேயே வீதியும் சென்றது.

புகையிரதப் பாதை அரசின் பொறுப்பில் அமைந்ததாயினும், அங்கும் கோரிக்கைகள் ஒன்றோடொன்று போட்டியிட்டன. 1854இல் தோன்றிய தோட்டத் துரைமார் சங்கம் அவற்றுள் வலிமை மிக்க குரலாக விளங்கிற்று. 1885இல் நானுஓயாவை எட்டிய பாதை 1893இல் அப்புத்தளையையும் 1894இல் பண்டாரவளையையும் அடைந்தது. அங்கிருந்து மாகாணத் தலைநகரான பதுளையை அடைய மேலும் 30 ஆண்டுகள் சென்றன. 1924இலேயே அது நிறைவெய்திற்று. இதற்கிடையில், 1914இல், தலைமன்னார்ப் பாதை திறக்கப்பட்டுத் தென்னிந்தியத் தொழிலாளரைத் தோட்டங்களுக்குக் கொணரும் வழி எளிதாக்கப்பட்டது. தொழிலாளி அரசின் போக்குவரத்துத் திட்டத்தில் இடம்பெற்றான். கோரிக்கையாளனாக அன்று, கொண்டுவரப்படும் உழைப்பாக.

சுதந்திரம் இந்நிலையை மாற்றவில்லை. 1948இன் குடியுரிமைச் சட்டமும், அதனைத் தொடர்ந்த வாக்குரிமை இழப்பும், தொழிலாளரின் கோரிக்கையிலிருந்து அரசியல் வலுவைப் பறித்தன. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. எனினும் தோட்டப் பாதைகள் பொதுவீதிகள் ஆகவில்லை. 1987இன் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டப்புறங்களுக்குப் பிரதேச சபைகள் சேவை வழங்குவதற்குத் தடையாய் நின்றது. 1992இல் தோட்ட நிருவாகம் தனியார் கம்பனிகளிடம் சென்றபின்னும் அத்தடை நீடித்தது. 2018ஆம் ஆண்டின் திருத்தமே அதனைத் தளர்த்தியது.

1866க்கும் 2018க்கும் இடைப்பட்ட 152 ஆண்டுகளில் ஆட்சிகள் மாறின. தோட்டங்களின் உடைமை மாறிற்று. தோட்டத்து மக்கள் பொதுப்பணத்தின் உரிமையாளராகக் கருதப்படாமை மட்டும் மாறாதிருந்தது. மானியம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன், அதனைக் கோரும் தகுதியை வகுத்தவர் யார் என்று கேட்பதே மலையக வரலாற்றாய்வின் கடமையாகும். சட்டம் தளர்ந்துவிட்டது, பாதியைச் செலுத்தவல்லோர்க்கே முதலிடம் என்னும் பழைய விதி இனி வேறு பெயரில் மீளாதிருத்தல் வேண்டும்.