வயலுக்கும் தட்டுக்கும் இடையில்: காட்டூர் பாப்பாக்குறிச்சியும் சத்துணவின் உள்ளூர்க் கொள்முதலும்

1982 ஜூலை 1ஆம் நாள், திருச்சிக்குக் கிழக்கே தஞ்சாவூர்ச் சாலையை ஒட்டிய பாப்பாக்குறிச்சியில் அன்றைய முதலமைச்சர் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். பாப்பாக்குறிச்சி காட்டூர் என்று சேர்த்தே சொல்லப்படும் ஊர் அது. அங்கே தொடங்கிய திட்டத்தை நலத்திட்டமாகவும் கல்வித் திட்டமாகவும் தேர்தல் அரசியலாகவும் பலர் ஆராய்ந்திருக்கிறார்கள். அந்தச் சோறும் குழம்பும் யார் வயலில் விளைந்தவை, யார் வாங்கியவை, எந்த வழியாகப் பள்ளிக்கு வந்தவை என்ற கேள்விக்கு அவ்வளவு கவனம் கிடைக்கவில்லை. இக்கட்டுரை அதை எடுத்துக்கொள்கிறது. ஒரு வட்டாரத்து உழவர்களுக்கு ஆண்டில் பெரும்பகுதியும் நிலையாக வாங்கக்கூடிய நம்பகமான வாடிக்கையாளர் பள்ளிச் சமையலறைதான் என்பது என் வாதம். அந்தச் சமையலறையை நாட்டுக்கே முன்மாதிரியாகக் கட்டிய தமிழ்நாடு, அதற்கும் பக்கத்து வயலுக்கும் இடையே இருந்த வழியைப் படிப்படியாகக் குறுக்கிவிட்டது.

காட்டூரின் நில அமைப்பை முதலில் சொல்ல வேண்டும். முதலாம் ராஜராஜனின் பட்டப்பெயரைத் தாங்கிய உய்யக்கொண்டான் வாய்க்கால், பேட்டைவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரிந்து திருச்சி நகரின் நடுவே ஓடி, கிழக்கே வாழவந்தான்கோட்டையில் முடிகிறது. காட்டூர் வட்டாரம் இந்தப் பாசனத்தின் கடைமடைப் பக்கம். வடக்கே காவிரிக் கரையில் சர்க்கார்பாளையம், வேங்கூர். சுற்றிலும் எல்லக்குடி, ஆலத்தூர், கீழக்கல்கண்டார்கோட்டை வயல்கள். 1928இல் நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு ரயில்வே பணிமனை வந்தது. 1965இல் திருவெறும்பூரில் பெல் ஆலை இயங்கத் தொடங்கியது. மாதச் சம்பளக் குடும்பங்கள் பெருகின. வயலின் விலை விளைச்சலைப் பார்க்காமல் மனையைப் பார்க்கத் தொடங்கியது. 2011இல் திருவெறும்பூர்ப் பகுதியோடு காட்டூரும் திருச்சி மாநகராட்சிக்குள் வந்தது. வயலும் தொழிற்சாலையும் குடியிருப்பும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் இத்தகைய ஊரில்தான் உள்ளூர் உணவு என்ற பேச்சுக்குப் பொருள் இருக்கிறது. விளைவிப்பவரும் உண்பவரும் நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறார்கள்.

பள்ளியில் சோறு போடும் எண்ணத்துக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. 1920இல் சென்னை மாநகராட்சி, சர் பிட்டி தியாகராயர் தலைமையில், ஆயிரம் விளக்கில் இருந்த தன் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி தர முடிவெடுத்தது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இதற்குச் செலவிடக் கூடாது என்று ஆங்கிலேய அரசு மறுத்ததால் 1925இல் அது நின்றுபோனது. நோக்கத்தில் குறையில்லை. பணம் எந்தக் கணக்கிலிருந்து வரும் என்ற இடத்தில்தான் திட்டம் சாய்ந்தது. பிற்காலத் திட்டங்கள் எல்லாவற்றையும் இந்த ஒரு கேள்வியை வைத்தே எடைபோடலாம்.

1956இல் காமராசர் எட்டயபுரத்தில் தொடங்கிவைத்த மதிய உணவுத் திட்டம் இந்தக் கேள்விக்குப் புதிதாக ஒரு பதில் சொன்னது. ஆரம்பத்தில் அது ஊராரின் நன்கொடையில் நடந்தது. பிறகு செலவில் அறுபது விழுக்காட்டை அரசும் நாற்பது விழுக்காட்டை உள்ளூரும் ஏற்பது என்று வகுக்கப்பட்டது. கல்வித் துறையில் நெ. து. சுந்தரவடிவேலு இதற்கு உயிர்கொடுத்தார். 1958 முதல் நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் கட்டடம், நாற்காலி, சீருடை ஆகியவற்றோடு பிள்ளைகளின் சோற்றுக்கும் ஊரார் பொறுப்பேற்றார்கள். நெல் விளைந்த ஊரில் நெல்லும், காசு இருந்தவரிடம் காசும் வந்தன. குறைகளும் இருந்தன. வளமான ஊரின் பிள்ளைக்கு நல்ல சாப்பாடு, வறண்ட ஊரின் பிள்ளைக்கு ஏதோ ஒன்று என்ற வேறுபாட்டை நன்கொடை முறையால் தவிர்க்க முடியாது. கொடுப்பவரின் சாதியும் செல்வாக்கும் பந்தியில் உட்கார்ந்துகொள்ளும் ஆபத்தும் இருந்தது. ஆனாலும் பள்ளிச் சமையலறையும் ஊர்க் களத்துமேடும் ஒரே கணக்கில் இருந்த காலம் அதுவே. பின்னால் வந்த எந்தத் திட்டத்திலும் அந்த உறவு அதே வடிவில் திரும்பவில்லை.

1961இல் அமெரிக்காவின் கேர் நிறுவனம் வந்தது. பால்பவுடர், சமையல் எண்ணெய், கோதுமை, மக்காச்சோள மாவு எல்லாம் கப்பலில் வந்திறங்கின. 1967 வாக்கில் மையச் சமையலறைகள் அமைந்து, ஓரிடத்தில் சமைத்துப் பல பள்ளிகளுக்கு வண்டியில் அனுப்பும் முறை பரவியது. பஞ்சமும் அரிசித் தட்டுப்பாடும் நிலவிய காலத்தில் அந்தப் பொருள்கள் பல பிள்ளைகளின் வயிற்றை நிரப்பின. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் காவிரிப் பாசனத்தில் நெல்லும் வாழையும் விளைந்த ஊர்களின் பிள்ளைகள் கடல் கடந்து வந்த மாவைத் தின்றார்கள். வழி முதன்முறையாக அறுந்த இடம் இதுதான்.

1982 இதை ஒரே எடுப்பில் மாற்றியது. கிராமப்புறங்களில் 2 முதல் 9 வயதுவரை உள்ள பிள்ளைகளுக்குத் தினமும் ஒருவேளைச் சோறு. அதே ஆண்டு செப்டம்பரில் நகரங்களுக்கும், 1984இல் 15 வயதுவரை உள்ள மாணவர்களுக்கும் திட்டம் விரிந்தது. கும்பகோணத்தில் தாம் சிறுவனாகப் பட்டினி கிடந்த நாள்களை எம்.ஜி.ஆர். பலமுறை சொல்லியிருக்கிறார். கஜானா தாங்காது என்று பொருளாதாரம் தெரிந்தவர்கள் எச்சரித்தார்கள், அரசு பின்வாங்கவில்லை. ஊருக்கு ஊர் சத்துணவு மையம் எழும்பியது. அமைப்பாளர், சமையலர், சமையல் உதவியாளர் என மூன்று பணியிடங்கள் உருவாயின. கணவரை இழந்தவர்களுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் முன்னுரிமை கிடைத்தது. வண்டியில் வந்த சோறு போய், பள்ளி வளாகத்திலேயே அடுப்பு எரிந்தது. 2001 நவம்பரில் நாடெங்கும் சமைத்த மதிய உணவு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டபோது, தமிழ்நாட்டுக்கு அது இருபது ஆண்டுப் பழக்கமாகியிருந்தது.

சமையல் உள்ளூருக்குத் திரும்பியது. கொள்முதல் முழுதாகத் திரும்பவில்லை. அரிசி, பருப்பு, எண்ணெய் மூன்றும் நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் வழியே வந்தன. காய்கறி, மளிகைச் சாமான், விறகு ஆகியவற்றுக்கு மட்டும் பிள்ளைக்கு இவ்வளவு காசு என்று ஒரு சிறு தொகை அமைப்பாளர் கையில் கொடுக்கப்பட்டது. இதை ஒரு மையத்தின் காலைப்பொழுதில் வைத்துப் பார்த்தால் நன்றாகப் புரியும். வருகைப் பதிவு முடிந்ததும் வகுப்புவாரியாக எண்ணிக்கை சமையலறைக்கு வருகிறது. அமைப்பாளர் அதைப் பதிவேட்டில் ஏற்றி, தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு 100 கிராம் என்ற கணக்கில் அரிசியை நிறுத்துக் கொடுக்கிறார். அரிசியில் அவருக்கு முடிவெடுக்க எதுவுமில்லை. பருப்பிலும் இல்லை. அன்றைக்குப் பூசணியா, முருங்கைக்கீரையா, கத்தரிக்காயா என்பது ஒன்றே அவர் முடிவு. அதையும் கையிலிருக்கும் காசும் தெருக்கடையின் விலையும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. தக்காளி விலை ஏறிய வாரத்தில் புளி கூடும், தக்காளி குறையும். தொகை தாமதமாக வந்தால் கடையில் கடன் சொல்ல வேண்டும். கடன் தரும் கடையே கொள்முதல் கடையாகிவிடும். பக்கத்து வயல்காரர் கீரைக்கட்டோடு வந்து நின்றாலும் மாதக்கணக்கில் காசுக்குக் காத்திருக்க அவரால் முடியாது. உள்ளூர்க் கொள்முதலுக்குத் திறந்திருந்த ஒரே கதவு இந்தக் காய்கறித் தொகைதான். அந்தக் கதவு மிகக் குறுகலானது.

முட்டையின் கதை இன்னும் தெளிவானது. 1989இல் இரு வாரத்துக்கு ஒன்று என்று தொடங்கிய முட்டை, 1998இல் வாரம் ஒன்றானது. 2010இல் வாரம் ஐந்து ஆனது. பிள்ளைகளின் உடல்நலத்துக்கு இதைவிடப் பெரிய நன்மை வேறு எதுவும் இத்திட்டத்தில் நடக்கவில்லை என்பேன். அதே சமயம் மாநில அளவிலான ஒப்பந்தப்புள்ளி வழியே நாமக்கல் பக்கத்துப் பெரும்பண்ணைகளிடமிருந்து வாங்கும் ஏற்பாட்டில், ஊரில் நாலு கோழி வளர்க்கும் பெண்ணுக்கு இடமே இல்லாமல் போனது. முட்டை சாப்பிடாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம் தருவது வழக்கம். தொட்டியம், முசிறி, லால்குடி, அந்தநல்லூர் என்று நாற்புறமும் வாழை சூழ்ந்த மாவட்டம் இது. 1993இல் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் திருச்சியில் அமைந்ததற்கும் இதுவே காரணம். தார் விலை சரிந்து உழவர் வெட்டாமல் விடும் வாரங்களிலாவது எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு பழம் போய்ச் சேரும்படி ஒரு ஏற்பாடு இருந்தால், இரு பக்கமும் பசியாறும்.

உழவரும் நகரத்தாரும் நேரே சந்திக்கும் வழியை அரசு வேறொரு பக்கமாகத் திறந்தது. 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் முதல் உழவர் சந்தையைக் கலைஞர் கருணாநிதி தொடங்கினார். பஞ்சாபின் அப்னி மண்டியும் ஆந்திரத்தின் ரைது பஜாரும் அதற்கு முன்னோடிகள். திருச்சியில் தென்னூரிலும் கே.கே. நகரிலும் சந்தைகள் அமைந்தன. அந்தச் சந்தை எதனால் நின்றது என்று பார்ப்பது முக்கியம். விளைவிப்பவர்தானா என்று நிலத்தைப் பார்த்துச் சரிபார்த்து அடையாள அட்டை கொடுத்தார்கள். கடைக்கு வாடகை கிடையாது, தராசும் இலவசம். அரசுப் பேருந்தில் காய்க்கூடைக்குக் கட்டணம் வாங்கவில்லை. அன்றாடம் காலையில் மொத்த விலைக்கு மேலும் சில்லறை விலைக்குக் கீழுமாக ஒரு விலையைக் குறித்துப் பலகையில் எழுதினார்கள். விடியற்காலையில் முதல் பேருந்தில் கூடையோடு வந்திறங்கும் ஒரு பெண், யாரிடமும் கெஞ்சாமல் தராசை வாங்கி உட்கார்ந்து, எட்டு மணிக்குள் விற்றுவிட்டுக் காசோடு வீடு திரும்ப இந்தச் சிறு ஏற்பாடுகள் அனைத்தும் வேண்டும். 2001க்குப் பின் ஆட்சி மாறிக் கவனிப்புக் குறைந்தபோது பல சந்தைகள் வெறிச்சோடின. 2006க்குப் பின் ஏற்பாடுகள் திரும்பியதும் உழவரும் திரும்பினார்கள்.

இதற்கு எதிர்ப்பக்கமாகத் திருச்சியிலேயே ஒரு பாடம் இருக்கிறது. நகரின் மொத்தக் காய்கறிச் சந்தையான காந்தி மார்க்கெட்டின் நெரிசலைக் குறைக்க மதுரைச் சாலையில் கள்ளிக்குடியில் ஏறத்தாழ 77 கோடி ரூபாயில் மத்திய வணிக வளாகம் கட்டப்பட்டு 2017இல் திறக்கப்பட்டது. ஆயிரம் கடை கட்டியும் வணிகர்கள் போகவில்லை. நகரை விட்டுத் தள்ளியிருந்த இடமும், சுமைதூக்குவோர் முதல் சில்லறை வியாபாரிகள்வரை உடன் பேசாத திட்டமிடலும் அதற்குக் காரணம். 2020இல் கொரோனா வந்தபோது காந்தி மார்க்கெட்டை மூடி, காட்டூருக்குப் பக்கத்தில் உள்ள பொன்மலை ஜி கார்னர் மைதானத்துக்கு மொத்த வியாபாரத்தை மாற்றினார்கள். வெறும் திடலில், கூரையில்லாமல், நகரத்துக்கு வேண்டிய காய்கறி இரவோடிரவாக வந்து போனது. வாங்குவோரும் விற்போரும் லாரியும் கடனும் ஒன்றாக வரும் இடத்தில் சந்தை நடக்கிறது. கட்டடம் அதற்குப் பிறகுதான்.

விளைவிப்பவர் பக்கமும் காலியாக இல்லை. திருச்சியை மையமாகக் கொண்டு இயங்கும் குடும்பம் அமைப்பு, கீரனூருக்கு அருகே கொழுஞ்சிப் பண்ணையில் இயற்கை வேளாண்மையைச் செய்துகாட்டியது, கோ. நம்மாழ்வாரின் உழைப்பு அதில் உண்டு. திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன், 2 கிலோ விதை பெற்றவர் அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்ற ஒரே விதியை வைத்து, 170க்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் வகைகளைப் பரப்பினார். 2017இல் தொடங்கிய கூட்டுப் பண்ணையத் திட்டத்தில் 20 உழவர் சேர்ந்தால் ஆர்வலர் குழு, 100 பேர் சேர்ந்தால் உற்பத்தியாளர் குழு. குழுவுக்கு 5 லட்சம் ரூபாய் தொகுப்பு நிதி. இந்தக் குழுக்களுக்கு இயந்திரம் வாங்கப் பணம் கிடைத்தது. நிலையாக வாங்கும் கை கிடைத்த குழுக்கள் குறைவு.

அந்தக் கை பள்ளிதான் என்று சட்டமாகவே எழுதிய நாடு பிரேசில். பள்ளி உணவுக்கு மத்திய அரசு தரும் பணத்தில் குறைந்தது 30 விழுக்காட்டைக் குடும்ப விவசாயிகளிடமிருந்து வாங்குவதற்குச் செலவிட வேண்டும் என்று 2009இல் 11,947 எண் சட்டம் விதித்தது. அந்தக் கொள்முதலுக்குப் பெரிய ஒப்பந்தப்புள்ளி நடைமுறை தேவையில்லை என்று விலக்கும் கொடுத்தது. அந்த விலக்கை நான் விழுக்காட்டைவிடப் பெரிதாக மதிக்கிறேன். கீரை விற்பவரிடம் வைப்புத்தொகையும் வருமானவரிக் கணக்கும் கேட்டால் எந்த விழுக்காடும் ஏட்டோடு நின்றுவிடும்.

நம்மிடம் வாய்ப்பு மறுபடி வந்திருக்கிறது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில், உள்ளூரில் கிடைக்கும் காய்கறிகளோடு சாம்பார் வைப்பதும், வாரத்தில் இரண்டு நாளாவது அந்தந்தப் பகுதியின் சிறுதானியத்தில் சிற்றுண்டி செய்வதும் தொடக்கத்திலேயே பேசப்பட்டன. சமையல் பல இடங்களில் மகளிர் சுய உதவிக் குழுவினர் கையில் இருக்கிறது. துறையூர்ப் பக்கத்துச் சிறுதானியமும் காவிரிக் கரைக் காய்கறியும் காட்டூர்ப் பள்ளிக்கு எட்டாத தொலைவில் இல்லை.

இதற்குப் புதிய கட்டடம் எதுவும் தேவைப்படாது. தென்னூர் உழவர் சந்தைப் பலகையில் அன்று எழுதிய விலையையே பள்ளிக் கொள்முதலின் விலையாக ஏற்கலாம். விலை பேசும் பிரச்சினை அதோடு தீரும். திருவெறும்பூர் வட்டாரத்து உற்பத்தியாளர் குழு ஒன்று காட்டூர் வட்டாரப் பள்ளிகளுக்கு வாரப்பட்டியல் போட்டு ஒரே வண்டியில் கொண்டுவரலாம். குழுவின் வங்கிக் கணக்கில் வாரம் ஒருமுறை பணம் விழ வேண்டும். இது தவறினால் மற்றவை நிற்காது. அமைப்பாளரின் காய்கறித் தொகையைச் சந்தை விலையோடு சேர்த்து ஏற்றவும் வேண்டும். மீதமிருக்கும் ஒரு சிக்கல் மே மாதம். பள்ளி மூடியிருக்கும்போதும் கோடைக் கத்தரியும் வெண்டையும் காய்த்துக்கொண்டுதான் இருக்கும். அந்த மாதத்தில் அங்கன்வாடிகளும், திருச்சியில் 2013 முதல் மாநகராட்சி நடத்திவரும் அம்மா உணவகங்களும், ஸ்ரீரங்கம் கோயிலில் 2012 முதல் நாள் முழுவதும் நடக்கும் அன்னதானமும் அதே குழுவிடம் அதே விலைக்கு வாங்குமாறு ஒப்பந்தத்தின் முதல் வரியிலேயே எழுதிவிட வேண்டும்.