பெயர் மறைத்த விடைத்தாள்

பொருநையும் சிற்றாறும் கலக்கும் சீவலப்பேரிதான் முக்கூடற்பள்ளில் வரும் முக்கூடல் என்பர். அங்கிருந்து மேற்படிப்புக்குப் புறப்படும் பிள்ளைகளுக்கு அண்மைப் பட்டணம் பாளையங்கோட்டை. சேசு சபையார் அங்கு 1923-இல் நிறுவிய கல்லூரி புனித சவேரியாரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. முத்துக்குளித்துறையில் உழைத்த அப்புனிதர் இறுதியில் அடைய விரும்பிய நாடு சீனா. 1552 டிசம்பர் 3-இல், அந்நாட்டுக் கரையை அடுத்த சான்சியான் தீவில் அவர் உயிர் நீத்தார். மதிப்பெண் பட்டியலோடு கல்லூரி வாசலில் காத்து நிற்கும் பெற்றோரைக் காணும்போது, சவேரியார் உட்புகாத அந்நாட்டில் உயர்கல்வியின் கதவு எவ்வாறு திறக்கிறது என்று நாம் எண்ணிப் பார்ப்பதுண்டு.

அதே 1552-இல் பிறந்தவர் சேசு சபைத் துறவி மத்தேயு ரிச்சி. கொச்சியில் 1580-இல் குருப்பட்டம் பெற்று, 1583-இல் சீனாவினுள் சென்று தங்கினார். அங்கே அரசு அலுவலர்கள் எழுத்துத் தேர்வினால் தெரிவு செய்யப்பட்டதை அவர் விரிவாக எழுதி வைத்தார். விடைத்தாளில் பெயர் மறைக்கப்படும். கையெழுத்தைக் கொண்டும் ஆளை அறியக் கூடாதென்று, எழுத்தர்கள் முழு விடையையும் வேறு தாளில் படியெடுத்த பின்னரே திருத்துவோரிடம் அளிப்பர். 1596-இல் ரிச்சி நினைவுக் கலை பற்றிச் சீன மொழியிலேயே ஒரு நூல் எழுதி, சியாங்சி மாகாண ஆளுநருக்கு அளித்தார். ஆளுநரின் மைந்தர் மூவரும் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தனர். விதிகள் நல்லவைதாம், ஆனால் அவற்றைக் கையாளவே பெரிய நினைவாற்றல் வேண்டுமே என்றாராம் மூத்தவர்! நம் வீட்டுப் பிள்ளைகளின் குரல் கேட்கிறதல்லவா?

உழவன் மகனும் எழுதலாம் என்பதே அத்தேர்வின் பெருமை. ஆயினும் பல்லாண்டுகள் வயலுக்குப் போகாமல் பழநூல்களை மனனம் செய்யும் வசதி எத்தனை உழவர் வீடுகளில் இருந்திருக்கும்? பெண்களுக்கோ அனுமதியே இல்லை. ஏறத்தாழ 1300 ஆண்டுகள் நடந்த அம்முறை 1905-இல் ஒழிந்தது.

பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான நாடு தழுவிய தேர்வு 1952-இல் வந்தது. 1966-இல் பண்பாட்டுப் புரட்சி அதனை நிறுத்தியது. பின்னர் தொழிலாளர், உழவர், படைவீரர் ஆகியோரிலிருந்து பரிந்துரையின்படி மாணவர் சேர்க்கப்பட்டனர். ஏழைக்கு நீதி என்ற பெயரில் வந்த இவ்வழியில் செல்வாக்குள்ளோர் எளிதில் நுழைந்தனர். 1973-இல் ஓர் இளைஞர் ஏறக்குறைய வெற்றுத்தாளைக் கொடுத்து, பின்பக்கம் ஒரு கடிதம் எழுதி வைத்தார். வயல்வேலையால் படிக்க நேரமில்லை என்பது அவரது முறையீடு. செய்தித்தாள்கள் அவரை வீரராக்கின. மாவோ மறைந்த மறு ஆண்டு, 1977 டிசம்பரில், டெங் சியாவோபிங்கின் முடிவினால் தேர்வு மீண்டது. வயல்களிலும் ஆலைகளிலும் பத்தாண்டு காத்திருந்தோர் உட்பட 57 இலட்சம் பேர் எழுதினர். இடம் பெற்றோர் நூற்றுக்கு ஐவர்கூட இல்லை. எனினும் அந்தக் குளிர்காலத்தை அத்தலைமுறை மறக்கவில்லை.

2024-இல் அத்தேர்வுக்குப் பதிந்தோர் 1 கோடியே 34 இலட்சம் பேர். பெயரை இன்றும் மறைக்கிறார்கள். ஊரை மறைக்க முடியவில்லை. பல்கலைக்கழகங்கள் மாகாணந்தோறும் இடங்களைப் பிரிப்பதால், பெய்ஜிங் மாணவருக்கு எளிதான இடம் மக்கள் மிகுந்த உட்பகுதி மாணவருக்கு அரிதாகிறது. பிழைப்புக்காக நகரம் சென்றவரின் பிள்ளை, குடிப்பதிவு உள்ள சொந்த ஊருக்கே திரும்பித் தேர்வெழுத நேர்வதும் உண்டு.

நம் மாநிலமும் இதே சிக்கலோடு மல்லாடியிருக்கிறது. மருத்துவம், பொறியியல் படிப்புகளுக்கு 1984-இல் நுழைவுத் தேர்வு வந்தது. பயிற்சிக்குப் பணமும் நகரமும் வேண்டியிருந்தது கண்டு, 2006-இல் சட்டம் இயற்றி அதனை நீக்கினர். மேனிலைத் தேர்வு மதிப்பெண்ணே அளவாயிற்று. அதிலும் குறை இல்லாமலில்லை. பதினோராம் வகுப்புப் பாடத்தைக் கைவிட்டு, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே ஈராண்டு உருப்போட வைத்த பள்ளிகளை நாம் அறிவோம். 2017 முதல் மருத்துவத்துக்கு நீட் வந்தபோது பயிற்சி மையங்கள் மீண்டும் நிறைந்தன. 2020-இல் அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு சட்டமாயிற்று. சீவலப்பேரியைப் போன்ற ஊர்களின் பிள்ளைகளுக்கு அது ஒரு கதவுதான். ஆனால், அந்த இடத்துக்கும் நீட் தேர்வில் முதலில் தேறியாக வேண்டும்.