உஷா சுந்தரத்தின் 27 மணி நேரம்

சென்ற வாரக் கட்டுரையில் பல்லாவரத்தில் நின்றோம். மதராஸில் ஓட்டல் நடத்திய டி'ஏஞ்செலிஸ், தாமே வடிவமைத்த விமானத்தில் 1910இல் பறந்த இடம் அது. இந்த வாரம் ஒரு பெண் விமானி.

பரந்தூரில் விமான நிலையம் என்று 2022இல் செய்தி வந்ததிலிருந்து எங்கள் ஐயம்பேட்டைத் தறி வீடுகளிலும் விமானப் பேச்சுதான்.  

உஷா சுந்தரம் என்றால் விவரம் தெரிந்தவர்கள் ப்ளூ கிராஸ் என்பார்கள். கணவர் கேப்டன் வி. சுந்தரத்தோடு 1959இல் சென்னையில் அந்த விலங்கு நல அமைப்பைத் தொடங்கியவர். அதற்கு முன்பே அவர் விமானி. நேருவும் படேலும் இந்தத் தம்பதி ஓட்டிய விமானத்தில் பயணம் செய்தவர்கள்.

1950களின் தொடக்கத்தில் மதராஸ் அரசு 'டவ்' என்ற சிறிய இரட்டை எஞ்சின் விமானத்தை இங்கிலாந்தில் வாங்கியது. அதைக் கொண்டுவரப் போனவர்கள் இவர்கள் இருவரும்தான். ஜெட் அல்ல, பிஸ்டன் எஞ்சின். மணிக்குச் சுமார் 300 கி.மீ. வேகம். ஒரே மூச்சில் பம்பாய் வந்து சேரும் அளவுக்கு அதன் டாங்க் கொள்ளாது. வழியில் இறங்கி இறங்கி எரிபொருள் நிரப்ப வேண்டும். லண்டனிலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் கொண்டுவந்தார்கள். அந்த வகை விமானத்துக்கு அன்று அது சாதனை.

உஷா 2010இல் மறைந்தார். இந்தப் பயணத்தை நம்மில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்போம்?

இப்படிப்பட்ட கதைகளைத் தேடிக் காத்தவர் வேறோர் ஊரில் உண்டு: கனடாவின் வின்னிபெக்கில் ஷெர்லி ரெண்டர் என்றொரு விமானி. தம் நாட்டுப் பெண் விமானிகளின் வரலாற்றைத் தேடித் திரட்டி 1992இல் நூலாக்கினார். பிறகு அந்த ஊர் விமான அருங்காட்சியகத்தையும் தலைமையேற்று நடத்தினார். பறக்கத் தெரிந்தவரே பாதுகாக்கவும் முன்வந்தது அந்த ஊர் செய்த பாக்கியம். நமக்கு அப்படி ஒருவர் வர வேண்டும் என்பது என் ஆசை.

வரும்வரை நாம் சும்மா இருக்கலாகாது. தறியின் பழைய ஜக்கார்டு அட்டையைக்கூட என்றாவது அந்த டிசைன் தேவைப்படும் என்று பரணில் கட்டி வைப்பவர்கள் நாம். உங்கள் வீட்டில் மீனம்பாக்கம், தாம்பரம் விமான தளங்களில் வேலை பார்த்த பெரியவர் யாராவது இருந்தால், அவருடைய படங்களைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். படத்தின் பின்புறம் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று பென்சிலால் எழுதி வையுங்கள். அவர் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள்.