தையல்காரம்மா சொன்ன குடும்பக் கணக்கு

கடன் கேட்டு வருபவரிடம் மூன்று வருடக் கணக்கைக் கேட்பது எங்கள் வங்கி வழக்கம். மருத்துவத்தில் மூன்று தலைமுறைக் கணக்கையே கேட்கிறார்கள். ஏன் என்பதுதான் இந்தக் கதை.

1895. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம், ஆன் ஆர்பர் ஊர். தன் குடும்பத்தில் பலரும் குடலிலோ கர்ப்பப்பையிலோ புற்றுநோய் வந்து இறந்ததாகவும், தானும் அப்படித்தான் போவேன் என்றும் ஒரு தையல்காரப் பெண்மணி டாக்டர் ஆல்ட்ரெட் வார்தினிடம் சொல்லியிருக்கிறார். சொன்னபடியே கர்ப்பப்பைப் புற்றுநோயில் இறந்தும் போனார். வார்தின் அதைத் தலைவிதி என்று விட்டுவிடவில்லை. ஜெர்மனியிலிருந்து குடியேறிய அந்தக் குடும்பத்தின் வம்சாவளியை எழுதி 1913-ல் வெளியிட்டார். 1966-ல் ஹென்றி லிஞ்ச் இதே மாதிரி வேறு குடும்பங்களைப் பற்றி எழுத, 'லிஞ்ச் சிண்ட்ரோம்' என்று அவர் பெயரே நிலைத்துவிட்டது.

சரி, தோலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? 1967-ல் லண்டனில் மியூர், 1968-ல் நியூயார்க்கில் டோரே, இருவரும் தனித்தனியாக ஒன்றைக் கவனித்தார்கள். சிலருக்குத் தோலில் அபூர்வமான கட்டிகள், கூடவே குடலில் புற்றுநோய். டோரே பார்த்தவை தோலின் எண்ணெய்ச் சுரப்பிக் கட்டிகள். இந்த 'மியூர்-டோரே', லிஞ்ச் சிண்ட்ரோமின் இன்னொரு முகம் என்பது பிறகு தெரிந்தது. 1993-ல் மரபணுவும் சிக்கியது: எம்.எஸ்.எச்.2. டி.என்.ஏ. நகலாகும்போது நேரும் பிழைகளைத் திருத்துவது அதன் வேலை. அது பழுதானால், எங்கள் பாஷையில், செக்கர் லீவில் போன கிளை மாதிரி. தப்பான என்ட்ரிகள் சேர்ந்துகொண்டே போகும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50% வாய்ப்பு.

எண்ணெய்ச் சுரப்பிப் புற்றுநோய் கண் இமையிலும் வரும். சாதாரணக் கண்கட்டி போல ஏமாற்றும். வருகிற எல்லோருக்கும் அது பரம்பரை நோய் அல்ல. ஆனாலும் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் கட்டி வந்தால் பயாப்ஸி அவசியம்.

இங்கே பெங்களூரில் 1973-ல் கித்வாய் புற்றுநோய் மருத்துவமனை வந்தது. 1982 முதல் பெங்களூரிலும் சென்னையிலும், அதற்கு முன்பிருந்தே மும்பையிலும் புற்றுநோய்ப் பதிவேடு இருக்கிறது. ஆனால் பதிவேடு ஆளைத்தான் எண்ணும். அவர் யாருக்கு அத்தை, யாருக்குச் சித்தப்பா என்பது நமக்குத்தான் தெரியும். நாமோ சிதறிக் கிடக்கிறோம். பெரியப்பா நெல்லையில், அத்தை கோலாலம்பூரில். கல்யாணப் பேச்சு கெட்டுவிடும் என்று 'வயித்துக் கோளாறு' என்றே மூடிவைத்த மரணங்கள் எத்தனை!

லிஞ்ச் இருப்பது தெரிந்தால் 20-25 வயதிலேயே கொலனோஸ்கோபி பரிசோதனை தொடங்கி, குடலில் வருவதை முளையிலேயே கிள்ளலாம். அதற்கு யார், எந்த உறுப்பில், எந்த வயதில் என்ற மூன்று விவரம் வேண்டும். அடுத்த முறை ஊருக்குப் போனால், பாட்டி கட்டித்தரும் முறுக்கோடு இதையும் கேட்டு எழுதி வாங்கி வாருங்கள்.